அம்மாவுக்கு பி-2, அப்பாவுக்கு பி-1: அமெரிக்க நுழைவுப் பதிவைத் திருத்திய அனுபவம்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்வரும் பெற்றோர் இப்போது நிறைய பேர். மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம், பேரனுக்கு முதல் பிறந்தநாள், இல்லையென்றால் சும்மா பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. எல்லோருடைய கவலையும் விசா கிடைக்கும் வரைதான். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை போய், தூதரக வரிசையில் நின்று, ஸ்டிக்கர் ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டால், “பத்து வருஷத்துக்குக் கொடுத்துட்டாங்க” என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவோம். அதோடு காகித வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. அங்கே போய் இறங்கியதும் உங்கள் பெயரில் இன்னொரு பதிவு உருவாகிறது. அதன் பெயர் ஐ-94. நீங்கள் எந்த வகையில் உள்ளே விடப்பட்டீர்கள், எந்தத் தேதி வரை இருக்கலாம் என்ற இரண்டையும் அதுதான் சொல்கிறது.

என் அப்பாவின் ஐ-94இல் வகை தவறாக விழுந்துவிட்டது. அதைச் சரிசெய்யும் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. எங்களுக்குத் தெரிந்த யாருக்கும் இதைப் பற்றித் தெளிவாகத் தெரியவும் இல்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், அதில் பாதி ஆபத்தான யோசனை. அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அப்பா சிறு தேயிலை விவசாயி. தங்கையின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் ஒன்றாகக் கிளம்பினார்கள். ஒரே டிக்கெட், ஒரே விமானம், இறங்கியதும் வீல்சேர் உதவியோடு ஒரே கவுன்ட்டர். கைரேகை, புகைப்படம், நாலைந்து கேள்விகள். வெளியே வந்து தங்கையைப் பார்த்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்தவில்லை. இப்போது பல விமான நிலையங்களில் முத்திரை குத்துவதே இல்லை. 2013 வரை விமானத்திலேயே ஒரு வெள்ளை அட்டையை நிரப்பி, அதன் கிழித்த பாதியைப் பாஸ்போர்ட்டில் வைத்து ஸ்டேபிள் அடித்துத் தருவார்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு இப்போது அதுவும் கிடையாது. எல்லாம் கணினியில் இருக்கிறது. நாமாகத் தேடி எடுத்துப் பார்த்தால்தான் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும்.

தங்கை கணவர் கவனமான ஆள். வந்த அந்த வாரமே இருவருடைய ஐ-94ஐயும் எல்லைப் பாதுகாப்புத் துறையான சிபிபியின் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார். அதற்குக் காசு கிடையாது. தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்களும் வரும். முகவரி டாட் ஜிஓவி என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் இரண்டு பிடிஎஃப்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அக்கா, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க” என்றார். இரவு நேரம், வெளியே நல்ல மழை, நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருந்தது. அம்மாவுடையது முதலில் திறந்தது. வகை: பி-2. கடைசித் தேதி ஆறு மாதம் தள்ளி. அப்பாவுடையது திறக்க நேரமாயிற்று. வகை: பி-1. கடைசித் தேதி ஒரே மாதத்தில். தங்கைக்கு டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த பிரசவ தேதி அதற்கும் பிறகு.

இந்த இடத்தில் விசாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஆட்களின் பாஸ்போர்ட்டில் ஒட்டும் ஸ்டிக்கரில் பி-1, பி-2 இரண்டும் சேர்ந்தே இருக்கும். பி-1 தொழில் காரியமாக வருகிறவர்களுக்கு: கூட்டம், மாநாடு, ஒப்பந்தப் பேச்சு மாதிரி. பி-2 சுற்றிப் பார்க்கவும், உறவினரைப் பார்க்கவும், வைத்தியத்துக்கும். ஸ்டிக்கர் இரண்டுக்கும் பொது என்றாலும், ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் பதிவு செய்வார். வகை மாறினால் தேதியும் மாறும். பி-2இல் வருகிறவருக்குப் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதம் கொடுக்க வேண்டும் என்று அவர்களுடைய விதிமுறையே சொல்கிறது. நாம் குறைவாகக் கேட்டாலும் ஆறு மாதம்தான். பி-1க்கு அப்படி இல்லை. வந்த வேலைக்கு எவ்வளவு நாள் போதும் என்று அதிகாரிக்குப் படுகிறதோ, அவ்வளவுதான். ஆக, அப்பாவின் பதிவில் ஒரு எண் மாறியதால் போனது ஐந்து மாதம்.

எப்படி மாறியது? அப்பாவிடம் பொறுமையாகக் கேட்டோம். “என்ன வேலை செய்யறீங்கன்னு கேட்டாரு. டீ பிசினஸ்னு சொன்னேன்” என்றார். அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்துப் பச்சைத் தேயிலை பறித்து ஃபேக்டரிக்குப் போடுகிறவர்கூட ஆங்கிலத்தில் சொல்லும்போது டீ பிசினஸ் என்றுதான் சொல்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதிகாரியின் காதில் பிசினஸ் என்ற சொல் விழுந்து, தொழில் பயணி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். விவசாயி என்பதற்கு ஃபார்மர் என்று சொன்னாலே போதும். வந்த காரணத்தைக் கேட்டால், மகளைப் பார்க்க வந்தோம் என்று ஒரே வரி. பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தோம் என்று நம் ஆட்கள் பாசத்தில் சொல்லிவிடுவார்கள். வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. இதையெல்லாம் கிளம்பும் முன்பே வீட்டில் ஒரு தடவை பேசிப் பார்த்துவிடுவது நல்லது.

விஷயம் வெளியே தெரிந்ததும் யோசனைகள் வர ஆரம்பித்தன. அதிகம் பேர் சொன்னது: “விசாதான் பத்து வருஷம் இருக்கே, இதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு.” இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பேச்சு. விசா வாசல் வரை கூட்டிக்கொண்டு போகும், உள்ளே எத்தனை நாள் என்பதை ஐ-94தான் சொல்லும். அதில் உள்ள தேதியைத் தாண்டி இருந்தால், அந்தப் பத்து வருட விசா தானாகவே செல்லாமல் போய்விடும். யாரும் ரத்து முத்திரை குத்த வேண்டியதில்லை. அந்தத் தேதிக்குப் பிறகும் 180 நாளைத் தாண்டி இருந்துவிட்டுத் திரும்பினால் மூன்று வருடம் உள்ளே போக முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்துவிட்டால் பத்து வருடம். தப்பு அவர்கள் பக்கம் இருந்தாலும், திருத்தாமல் விட்டால் பதிவில் இருக்கிற தேதிதான் பேசும். அறுபது வயதைத் தாண்டிய அப்பாவுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகும் வழி அடைபடுவது சின்ன விஷயம் இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஏஜென்ட், சென்னைத் தூதரகத்துக்கு எழுதினால் சரிசெய்துவிடுவார்கள், ஃபீஸ் கொடுத்தால் தானே எழுதித் தருகிறேன் என்றார். தூதரகம் வெளியுறவுத் துறையைச் சேர்ந்தது, அதன் வேலை விசா கொடுப்பது. நுழைவுப் பதிவு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் சிபிபியினுடையது. சென்னையிலிருந்து அதில் கை வைக்க முடியாது. வேறொருவர், ஒரு தடவை மெக்சிகோ போய்விட்டு வந்தால் புதுப் பதிவு கிடைக்கும் என்றார். முழங்கால் வலியோடு இருக்கிற மனிதரை அப்படி அலைக்கழிக்க எங்களுக்கு மனமில்லை. திரும்பி வரும்போது என்ன எழுதுவார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

சரியான வழி இவை எல்லாவற்றையும்விட எளிமையானது. அமெரிக்காவின் முக்கியமான சர்வதேச விமான நிலையங்களிலும் வேறு சில இடங்களிலும் சிபிபிக்கு டெஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் என்று ஓர் அலுவலகம் இருக்கும். நுழையும்போது அதிகாரியின் கையில் நடந்த தவறுகளை (பெயர், பிறந்த தேதி, வகை, தங்கும் தேதி) அங்கே திருத்துவார்கள். இறங்கிய அதே விமான நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அலுவலகம் போதும். கட்டணம் கிடையாது. அலுவலகங்களின் பட்டியல் சிபிபி தளத்திலேயே இருக்கிறது. நடைமுறை மட்டும் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் மின்னஞ்சலிலேயே முடித்துவிடுவார்கள், சில இடங்களில் நேரம் வாங்கிக்கொண்டு நேரில் போக வேண்டும். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஐ-102 என்று ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்ப வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குப் போகும் படிவம். அந்தத் துறை கொடுத்த ஐ-94இல் தவறு இருந்தாலோ, காகித ஐ-94 தொலைந்துவிட்டாலோ அதற்கு வேலை உண்டு. கட்டணமும் உண்டு, காத்திருக்கவும் வேண்டும். விமான நிலையக் கவுன்ட்டரில் நடந்த தவறுக்கு அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

தங்கை கணவர் முதலில் மின்னஞ்சல் எழுதினார். அதில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உங்கள் அதிகாரி தப்புச் செய்துவிட்டார் என்று எழுதவில்லை. கணவன் மனைவி இருவரும் ஒன்றாக வந்தார்கள், இருவரும் வந்த காரணம் ஒன்று, ஒருவர் பதிவில் பி-2, இன்னொருவர் பதிவில் பி-1 என்று இருக்கிறது, பார்த்துச் சரிசெய்ய முடியுமா என்று நாலே வரி. இருவரின் ஐ-94ஐயும் இணைத்துவிட்டார். அம்மாவின் பதிவுதான் எங்களுக்குப் பெரிய சாட்சி. அது பக்கத்தில் இருக்கும்போது வேறு விளக்கமே தேவைப்படவில்லை. பாஸ்போர்ட்டோடு நேரில் வரச் சொல்லி ஒரு நாளும் நேரமும் கொடுத்துப் பதில் வந்தது.

நேரில் போகும்போது எடுத்துப்போனவை: இருவருடைய பாஸ்போர்ட், விசா இருக்கும் பக்கத்தின் நகல், இரண்டு ஐ-94 அச்சுப்பிரதிகள், போர்டிங் பாஸ், போகவரச் சேர்த்து எடுத்த டிக்கெட், விசாவுக்கு விண்ணப்பித்த டிஎஸ்-160 படிவத்தின் உறுதிப் பக்கம், தங்கையின் டாக்டர் கொடுத்த கடிதம். போர்டிங் பாஸை அம்மா கைப்பையின் ஓரத்தில் மடித்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பெற்றோரை அனுப்பும்போது, அங்கே போய்ச் சேர்ந்து ஐ-94 பார்க்கும் வரை எந்தத் துண்டுச் சீட்டையும் குப்பையில் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இங்கே எனக்குச் சாயங்காலம் தாண்டிக்கொண்டிருந்தது, அவர்களுக்கு அப்போதுதான் காலை. அன்றைக்குப் பறித்த இலையை எடைபோட்டு ஃபேக்டரி வண்டியில் ஏற்றிவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்துக்குள் போனைப் பயன்படுத்தக் கூடாது என்று பலகை இருந்ததாம், அதனால் ஒரு தகவலும் இல்லை.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு மாப்பிள்ளை சொன்னார். அதிகாரி அப்பாவிடம் நேராகவே கேட்டிருக்கிறார், எதற்காக வந்தீர்கள் என்று. அப்பா மகளைக் காட்டி, “மை டாட்டர்” என்றாராம். நிறைமாதமாகத் தங்கை பக்கத்தில் நின்றிருந்தாள். அதிகாரி இரண்டு தாளையும் பார்த்துவிட்டுக் கணினியில் ஏதோ தட்டினார். முடிந்தது, தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வாசலைத் தாண்டியதும் மாப்பிள்ளை போனில் ஐ-94ஐத் திறந்தார். வகை பி-2 ஆகிவிட்டது. தேதி மட்டும் அதே பழைய தேதி.

உடனே பார்த்ததால்தான் தெரிந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: வகையும் தேதியும் தனித்தனிக் கட்டங்கள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று தானாக மாறும் என்று நம்பிவிடாதீர்கள். காரில் ஏறி வீட்டுக்கு வந்த பிறகு பார்த்திருந்தால் மறுபடியும் மின்னஞ்சல், மறுபடியும் நேரம் வாங்க வேண்டும், மாதமோ ஓடிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை அப்படியே திரும்பிப் போய், பி-2க்குத் தேதியும் மாற வேண்டுமல்லவா என்று தன்மையாகக் கேட்டிருக்கிறார். அதிகாரி தலையசைத்துவிட்டு அதையும் மாற்றினார். இந்த முறை வாசலைத் தாண்டிய பிறகும் அங்கேயே நின்று, புதிய தேதி வந்ததைப் பார்த்துவிட்டு, பிடிஎஃப் இறக்கிக்கொண்டுதான் கிளம்பினார்கள். அம்மாவின் தேதியும் அப்பாவின் தேதியும் ஒன்றாயிற்று. எனக்கு அந்தப் பிடிஎஃப் வந்தபோது கோத்தகிரியில் கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தில் அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எங்களுக்கு நடந்தது தெளிவான தவறு, அதனால் திருத்தினார்கள். எல்லா நேரத்திலும் அப்படி இருக்காது. அதிகாரி யோசித்தே குறைந்த நாள் கொடுத்திருந்தால், அது தவறு அல்ல, அவர் எடுத்த முடிவு. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதி ஆகிறது என்பதற்காகத் தேதியைச் சுருக்குவதும் உண்டு. அந்த மாதிரி சமயத்தில் டெஃபர்டு இன்ஸ்பெக்‌ஷனில் மறுத்துவிடலாம். அப்போது இருக்கும் வழி, ஐ-539 படிவத்தில் யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் நீட்டிப்புக் கேட்பது. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி ஆன்லைனில் 420 டாலர், தாளில் அனுப்பினால் 470. ஐ-94 தேதி முடிவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குறைந்தது 45 நாள் முன்னதாக அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு மாதம் மட்டுமே கிடைத்தவருக்கு அந்த 45 நாள் எங்கிருந்து வரும்? அதனால்தான் இறங்கிய வாரமே பார்த்துவிட வேண்டும் என்கிறேன். பி-1 என்று இருக்கும்போதே, தேதி நீளமாகத்தானே கொடுத்திருக்கிறார்கள் என்று விட்டுவிடவும் கூடாது. பின்னால் நீட்டிப்புக் கேட்டாலோ, அடுத்த தடவை நுழையும்போதோ, தொழிலுக்கு வந்தவர் மகள் வீட்டில் இத்தனை மாதம் என்ன செய்தார் என்ற கேள்வி எழும்.

நம் ஊர்ப் பெயர்களால் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் ஐ-94ஐத் தேடியும் கிடைக்கவில்லை என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இருக்கிற ஒரே பெயர் கிவன் நேம் என்ற கட்டத்தில் இருக்கும். அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்கு நகர்த்திவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்று போட்டிருப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. தளத்தில் தேடும்போது பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி நிரப்பினால் பதிவு இல்லை என்று வரலாம். விசா ஸ்டிக்கரைப் பார்த்து, லாஸ்ட் நேமில் அந்த ஒரே பெயரையும் ஃபர்ஸ்ட் நேமில் எஃப்என்யு என்றும் போட்டுப் பாருங்கள். அப்பாவின் பதிவு அப்படித்தான் கிடைத்தது. அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டமும் நிரம்பியிருந்ததால் முதல் தடவையே வந்துவிட்டது. பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யமும் ஓ எழுத்தும் குழம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்திறங்கிய அன்றே கிடைக்காவிட்டால் ஓரிரு நாள் விட்டுத் தேடலாம்.

எங்களுக்குப் பேத்தி பிறந்தபோது அப்பா அங்கேதான் இருந்தார். அதன் பிறகும் சில மாதம் இருந்துவிட்டு, புதிய தேதிக்கு நன்றாக முன்னாலேயே இருவரும் திரும்பினார்கள். போகும்போது கவுன்ட்டரில் யாரும் ஐ-94 கேட்கவில்லை. விமானத்தில் கிளம்புகிறவர்களின் வெளியேற்றம் விமான நிறுவனம் கொடுக்கும் பயணிகள் பட்டியலிலிருந்து தானாகவே பதிவாகிவிடும். அதுவும் சரியாக விழுந்திருக்கிறதா என்று அதே தளத்தில் பயண வரலாறு என்ற பகுதியில் பார்க்கலாம். நாங்கள் பார்த்து அச்செடுத்து வைத்தோம்.

தவறான பழைய ஐ-94, திருத்திய ஐ-94, மாப்பிள்ளை எழுதிய மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும், கிளம்பிய நாளின் போர்டிங் பாஸ் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. அடுத்த முறை அப்பா போகும்போது அந்த ஃபைல் பெட்டியில் அல்ல, கையில் எடுத்துப்போகும் பையில் போகும். எங்கள் ஊரிலிருந்து இன்னொரு தம்பதி மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். அந்த அக்காவுக்கு மட்டும் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். ஐ-94 தளத்தில் எந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதி, அவர்கள் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இருவருடையதையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கச் சொல்லி அதன் கீழேயே எழுதியிருக்கிறேன்.